விரல் நுனியில் ஈரம்

தீபாவளிக்கு முந்தைய நாள் மாலை. அம்பத்தூர் ஏரிக்கரையை ஒட்டிய ஒரு தெரு. நான்கு பையன்கள் கூடி நிற்கிறார்கள். நடுவில் ஒரு நாய்க்குட்டி. அதன் வாலில் சரவெடி கட்டியாகிவிட்டது. ஒருவன் கையில் ஊதுவத்தி புகைகிறது. குட்டி முனகுகிறது. "டேய், வேணாம்டா" என்கிறான் ஒருவன். இன்னொருவன் சிரிக்கிறான், ஆனால் அந்தச் சிரிப்பில் ஒரு நடுக்கம் தெரிகிறது. மூன்றாமவன் காதைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். ஊதுவத்தி வைத்திருப்பவன் முகத்தில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை. விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் கிடைத்துவிடுகிறது: "அவன் சைக்கோடா!"

இது கற்பனைக் காட்சிதான். ஆயினும் ஆவடியிலோ பூந்தமல்லியிலோ வசிக்கும் மாணவர் எவருக்கும் இதைக் கற்பனை செய்வது கடினமாக இராது. அந்தப் பட்டப்பெயர் பொருத்தமானதுதானா? மற்ற மூவருக்கும் அந்த நான்காமவனுக்கும் உள்ள வேறுபாடு எங்கே இருக்கிறது? அவன் பிறவியிலா, மூளையிலா, வளர்ந்த வீட்டிலா? அவனுடைய எதிர்காலம் இப்போதே தீர்மானிக்கப்பட்டுவிட்டதா? இந்தக் கடைசிக் கேள்விக்கு விடை தேடி, ஒரு தீவில் விஞ்ஞானிகள் இருபது ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாகக் காத்திருந்தார்கள். அந்தத் தீவுக்குப் பிறகு போவோம். முதலில் பெயரைக் கவனிப்போம்.

ஒரு சொல், இரண்டு குழப்பங்கள்

'சைக்கோ' என்ற சொல்லை நமக்குப் பழக்கப்படுத்தியது திரைப்படம். அதில் இரண்டு வேறு வேறு நிலைகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. ஒன்று, சைக்கோசிஸ் எனப்படும் மனநோய். இல்லாத குரல் காதில் கேட்கும். யாரோ தன்னைக் கொல்ல வருவதாகத் தோன்றும். உண்மைக்கும் பிரமைக்கும் இடையிலான கோடு அழிந்துபோகும். இந்நோய் கண்டவர் பெரும்பாலும் பயந்து நடுங்குபவரே அன்றிப் பிறரைப் பயமுறுத்துபவர் அல்லர். நம் ஊரில் யாரையாவது கேலி செய்ய வேண்டுமானால் 'கீழ்ப்பாக்கம்' என்பார்கள். 1794-ஆம் ஆண்டில் தொடங்கிய ஒரு மருத்துவமனையின் பெயர் இப்படி வசைச்சொல்லாகிவிட்டது. அங்கே குணமடைந்து வீடு திரும்பியவர்களின் காதில் அது எப்படி விழும் என்று யாரும் யோசிப்பதில்லை.

இரண்டாவது, சைக்கோபதி. இது முற்றிலும் வேறு. இங்கே பிரமை இல்லை, குரல் இல்லை. அறிவு தெளிவாக வேலை செய்கிறது. பேச்சு இனிமையாகக்கூட இருக்கும். இல்லாதது வேறொன்று: பிறர் வலியைக் கண்டு மனம் பதைப்பது, செய்த தவற்றுக்கு வருந்துவது, வரப்போகும் தண்டனையை நினைத்து அஞ்சுவது. 1941-ஆம் ஆண்டில் ஹார்வி கிளெக்லி என்ற அமெரிக்க மருத்துவர் இத்தகையோரைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 'நல்லறிவு என்னும் முகமூடி' என்ற பொருள்படும் தலைப்பை அதற்கு வைத்தார். பின்னர் கனடாவைச் சேர்ந்த ராபர்ட் ஹேர், சிறைக் கைதிகளை ஆராய்ந்து இருபது குணங்கள் அடங்கிய ஓர் அளவுகோலை உருவாக்கினார். ஒவ்வொரு குணத்துக்கும் 0, 1, 2 என மதிப்பெண், மொத்தம் 40. பயிற்சி பெற்ற உளவியலறிஞர் நீண்ட நேரம் பேட்டி கண்டு, பழைய பதிவேடுகளையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மதிப்பெண் இடுவார். பக்கத்து பெஞ்சில் இருப்பவனுக்கு இடைவேளை நேரத்தில் நாம் போடும் மார்க் அல்ல அது!

இந்த அளவுகோல் பெரியவர்களுக்கானது. சிறுவர்களுக்கு இதைப் பயன்படுத்தலாமா என்பதில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. பொறுப்பின்மை, அவசர புத்தி, சலிப்பு, வீரசாகச ஆசை ஆகிய இவையெல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இவை இல்லாத பதினைந்து வயதுக்காரர் யாராவது உண்டா? டெர்ரி மோஃபிட் என்ற உளவியலறிஞர் 1993-இல் எடுத்துக்காட்டியது போல, வாலிப வயதில் முரட்டுத்தனமும் சட்டமீறலும் செய்பவர்களில் மிகப் பலர் சில ஆண்டுகளில் தாமாகவே அவற்றை விட்டுவிடுகிறார்கள். சிறுவயதிலேயே தொடங்கி நெடுங்காலம் தொடர்பவர்கள் ஒரு சிறு பகுதியினர் மட்டுமே.

எனவே, குழந்தைகளைப் பொறுத்தவரை விஞ்ஞானிகள் கேள்வியைச் சுருக்கிக்கொண்டார்கள். பால் ஃபிரிக் என்பவரும் அவருடன் பணிபுரிந்தோரும் 1990-களிலிருந்து ஒரேயொரு தன்மையைத் தனியே பிரித்து ஆராயத் தொடங்கினர். பிறர் துன்பத்துக்கு இளகாமை, குற்றவுணர்வு இன்மை, உணர்ச்சி ஆழமின்மை ஆகிய இவற்றின் தொகுப்பு அது. நம் மொழியில் இதற்கு அழகான ஒரு வழக்கு ஏற்கெனவே இருக்கிறது: 'நெஞ்சில் ஈரமில்லாதவன்'. இக்கட்டுரையில் நாம் இதை 'ஈரமின்மை' என்றே குறிப்பிடுவோம்.

2013-இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு இதற்கு நான்கு அறிகுறிகளைத் தருகிறது. செய்த தவற்றுக்கு வருந்தாமை, பிறர் உணர்வை மதியாமை, படிப்பிலும் பிற கடமைகளிலும் தன் செயல்திறனைப் பற்றிக் கவலையின்மை, மேலோட்டமான உணர்ச்சி. (மூன்றாவதைப் படித்ததும் பலருக்கு வயிற்றைக் கலக்கும். பயம் வேண்டாம்!) இவற்றில் இரண்டாவது இருக்க வேண்டும்; அதுவும் ஓராண்டுக்குக் குறையாமல், வீடு, பள்ளி, நண்பர் கூட்டம் எனப் பல இடங்களிலும் காணப்பட வேண்டும்; அத்துடன் தொடர்ந்து பிறரைத் தாக்குதல், திருடுதல் போன்ற கடுமையான நடத்தைக் கோளாறும் இருக்க வேண்டும். அப்போதும் அந்தக் கையேடு குழந்தையைச் 'சைக்கோபதி' என்று அழைப்பதில்லை. சமூகவிரோத ஆளுமை என்ற முத்திரையையும் பதினெட்டு வயது நிரம்பாதவர் மீது குத்தக்கூடாது என்கிறது.

அழுகை ஒரு பிரேக்

இப்போது அந்த நாய்க்குட்டியிடம் திரும்புவோம். மூன்று பையன்களைத் தயங்க வைத்தது எது? அதன் முனகல்.

தெருநாய்கள் சண்டையிடுவதைக் கவனித்திருப்பீர்கள். தோற்கும் நாய் வாலைக் கால்களுக்கிடையே செருகிக்கொண்டு மல்லாந்து படுத்துக் கழுத்தைக் காட்டும். உடனே வென்ற நாயின் ஆவேசம் அடங்கிவிடும். கடிக்க வசதியான நேரத்தில்தான் அது கடிப்பதை நிறுத்துகிறது! மனிதனிடமும் இத்தகைய ஓர் ஏற்பாடு இருக்க வேண்டும் என்று ஜேம்ஸ் பிளேர் என்ற ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் 1995-இல் கருத்துத் தெரிவித்தார். எதிரில் இருப்பவரின் பயந்த முகம், கண்ணீர், அழுகுரல் ஆகியவை நம் மூளைக்குள் ஒரு பிரேக்கை அழுத்துகின்றன. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தகடு வெட்டும் பிரஸ் மெஷின்கள் இருக்கின்றன அல்லவா? புதிய மெஷின்கள் சிலவற்றில் ஓர் ஒளித்திரை பொருத்தியிருப்பார்கள். தொழிலாளியின் கை தவறி உள்ளே நுழைந்தால் ஒளிக்கதிர் மறைபடும். அக்கணமே மெஷின் நின்றுவிடும். தொழிலாளி யோசித்து நிறுத்த வேண்டியதில்லை, தானாகவே நிற்கும். பிறர் அழுகை நம்மை நிறுத்துவதும் அப்படித்தான்; நீதி நூல் படித்த பிறகு நிகழ்வதல்ல.

ஈரமின்மை மிகுந்த குழந்தைகளிடம் இந்த ஒளித்திரை மங்கலாக இருக்கிறது. பல முகங்களின் படங்களைக் காட்டி, 'இவர் கோபமாக இருக்கிறாரா, மகிழ்ச்சியாகவா, பயந்துபோயிருக்கிறாரா?' என்று கேட்டால், கோபத்தையும் மகிழ்ச்சியையும் அவர்கள் ஓரளவு சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். பயத்தைத்தான் கோட்டை விடுகிறார்கள். மூளையின் உட்பகுதியில் அமிக்டலா என்று ஒரு சிறு பகுதி உண்டு. வடிவத்தில் வாதுமைப் பருப்பைப் போன்றது. ஆபத்தை உணர்வதிலும் பிறர் முகத்தில் பயத்தைக் கண்டுகொள்வதிலும் அதற்குப் பெரும் பங்கு உண்டு. இக்குழந்தைகளுக்குப் பயந்த முகங்களைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தபோது, அப்பகுதி மற்றக் குழந்தைகளிடம் இருப்பதைவிடக் குறைவாகவே இயங்கியது.

சரி, அமிக்டலாவில் குறை. கதை முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் மார்க் டாட்ஸ் என்பவர் 2006-இல் ஒரு சின்னஞ்சிறு மாற்றம் செய்து பார்த்தார். முகத்தைப் பார்க்கும் சிறுவனிடம், 'படத்தில் இருப்பவரின் கண்களைப் பார்' என்று ஒரேயொரு கட்டளை கொடுத்தார். அவ்வளவுதான்! பயத்தைக் கண்டுகொள்ளாத பையன்கள் மற்றவர்களுக்கு இணையாகக் கண்டுகொண்டார்கள். அதுவரை அவர்கள் கண்களைச் சரியாகப் பார்க்கவே இல்லை. பயம் எழுதியிருப்பதோ கண்களில்தான். கட்டளை இல்லாதபோது பழைய நிலை திரும்பிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஆகவே இது மருந்து அல்ல. ஆனால் இந்தத் துறையின் சோதனைகளில் என்னை மிகவும் கவர்ந்தது இதுதான். இயந்திரம் உடைந்துபோகவில்லை, அதற்குள் செய்தி போய்ச் சேரவில்லை என்று இச்சோதனை காட்டிவிட்டது. ஒரு குழந்தை தாயின் கண்களைப் பாராமலே வளர்ந்தால், மாதங்களும் ஆண்டுகளும் செல்லச் செல்ல எத்தனை பாடங்களை இழக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

மூன்று வயதில் ஓர் அளவீடு

பிறர் பயத்தை அறிவது ஒருபுறம். தானே பயப்படுவது இன்னொரு புறம்.

தேர்வு அறையில் வினாத்தாளை விநியோகிக்கும்போது உங்கள் உள்ளங்கை வியர்த்ததுண்டா? அச்சம், பரபரப்பு போன்ற உணர்ச்சிகள் எழுந்தால் பரிவு நரம்பு மண்டலம் வியர்வைச் சுரப்பிகளைத் தூண்டுகிறது. உள்ளங்கையிலும் விரல் நுனியிலும் இச்சுரப்பிகள் ஏராளம். வியர்வையில் உப்பு கரைந்திருப்பதால் அது மின்சாரத்தைக் கடத்தும். விரல்களில் இரண்டு மின்முனைகளைப் பொருத்தி, நாம் உணரவே முடியாத அளவு சிறிய மின்னோட்டத்தைச் செலுத்தினால், கண்ணுக்குத் தெரியாத ஈரத்தைக்கூட அளந்துவிடலாம். இதற்குத் தோல் மின்கடத்தல் சோதனை என்று பெயர். நெஞ்சின் ஈரத்தை விரலின் ஈரத்தால் அளக்க முனைந்தார்கள் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

இந்த ஈரத்தை மூன்று வயதிலேயே அளந்துவைத்துவிட்டுக் காத்திருந்த தீவு மொரீஷியஸ். நமக்கு அது அந்நிய தேசம் அல்ல. பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் அங்கே சென்றார்கள். பிறகு ஆங்கிலேயர் காலத்தில் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாகப் பல்லாயிரவர் போனார்கள். இன்றும் அந்நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து உண்டு; தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை உண்டு.

1972-ஆம் ஆண்டில், நாடு விடுதலை பெற்று நான்கே ஆண்டுகள் ஆகியிருந்த நிலையில், வாக்குவா, காத்ர் போர்ன் என்ற இரண்டு ஊர்களில் ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. பீட்டர் வெனபிள்ஸ், சார்னாஃப் மெட்னிக் ஆகியோர் அதைத் தொடங்கினர். பின்னாளில் ஏட்ரியன் ரெய்ன் அதைத் தொடர்ந்தார். அந்த ஊர்களில் 1969-70-இல் பிறந்த 1,795 குழந்தைகள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் இந்திய வம்சாவளியினர். தமிழ்க் குழந்தைகளும் அவர்களில் உண்டு.

சோதனை எளிமையானது. மூன்று வயதுக் குழந்தையின் காதில் ஒரு மெல்லிய ஒலி கேட்கும். சில விநாடிகளில் அதைத் தொடர்ந்து காதைத் துளைக்கும் இரைச்சல் வரும். வேறொரு ஒலிக்குப் பின் இரைச்சல் வராது. சிலமுறை இவ்வாறு நடந்ததும் பெரும்பாலான குழந்தைகள் பாடத்தைக் கற்றுக்கொண்டுவிடும். முதல் ஒலி கேட்டதுமே, இரைச்சல் வரும் முன்னரே, விரல் நுனி வியர்க்கும். 'இதற்குப் பின் கெட்டது வரும்' என்று உடம்பு அறிந்துகொள்கிறது. நாம் 'மனசாட்சி உறுத்துகிறது' என்கிறோமே, அதன் முதல் எழுத்து இங்கேதான் எழுதப்படுகிறது என்பது சில அறிஞர்களின் கருத்து. தவறு செய்ய நினைத்ததுமே, முன்பு பட்ட கண்டிப்பின் நினைவு வயிற்றைப் பிசைய வேண்டும். அது பிசையாதவனுக்குத் தவறு செய்வது எளிது.

இருபது ஆண்டுகள் சென்றன. குழந்தைகளுக்கு வயது 23 ஆயிற்று. நீதிமன்றப் பதிவேடுகளைத் தேடியபோது அவர்களில் 137 பேர் மீது குற்றப் பதிவு இருந்தது. பால், இனம், குடும்ப வறுமை ஆகியவற்றில் அவர்களை ஒத்த, குற்றப் பதிவு இல்லாத 274 பேரைத் தேர்ந்தெடுத்து ஒப்பிட்டார்கள். 2010-இல் வெளியான முடிவு இது: குற்றமற்றவர்களின் விரல்கள் மூன்று வயதில் ஒலியைக் கேட்டதுமே வியர்த்திருந்தன. குற்றம் செய்தோர் குழுவின் விரல்கள் சராசரியில் அவ்வாறு வியர்க்கவில்லை. பள்ளிக்குப் போகும் முன்பே, கெட்ட சகவாசம் என்ற பேச்சே எழும் முன்பே, வேறுபாடு இருந்திருக்கிறது!

அவசரப்பட வேண்டாம். 'சராசரியில்' என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். வியர்க்காத குழந்தைகள் அனைவரும் குற்றம் செய்யவில்லை. வியர்த்தவர்கள் அனைவரும் யோக்கியர்களாகிவிடவும் இல்லை. அது மட்டுமன்று, குற்றம் வேறு, சைக்கோபதி வேறு. இதே தீவில் 28 வயதானவர்களிடம் சைக்கோபதிக் குணங்களை நேரடியாகக் கேட்டு அளந்த இன்னொரு ஆய்வு 2007-இல் வந்தது. அதில் அதிக மதிப்பெண் பெற்றவர்கள் மூன்று வயதில் எப்படி இருந்தார்கள் தெரியுமா? பயமும் கூச்சமும் குறைவு. அது எதிர்பார்த்ததே. ஆனால் அவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பழகும், கலகலப்பான குழந்தைகளாகவும் இருந்திருக்கிறார்கள். விரல் வியர்வையிலும் அவர்கள் மந்தமாக இல்லை. மாறாக, அதிகக் கிளர்ச்சியே காணப்பட்டது. ஆக, ஒரே தீவு, ஒரே குழந்தைகள்; ஆனால் இரண்டு ஆய்வுகள் சொல்லும் கதை முழுதும் ஒன்றல்ல. ஒரு குழந்தையின் விரலைப் பிடித்துப் பார்த்து ஜாதகம் கணிக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

பயமின்மை என்பதே கெட்ட குணமும் அல்ல. பிரிட்டிஷ் ராணுவத்தில் வெடிகுண்டுகளைச் செயலிழக்கச் செய்யும் வீரர்களை 1983-இல் ஆராய்ந்தார்கள். வீரப் பதக்கம் பெற்றவர்களின் இதயம், நெருக்கடியான சோதனையின்போது, பதக்கம் பெறாத சகாக்களின் இதயத்தைவிட மெதுவாகவே துடித்தது. வெடி கட்டும் கைக்கும் வெடியை அவிழ்க்கும் கைக்கும் ஒரே மாதிரியான இதயம் அமைந்திருக்கலாம் போலும்.

பாலும் மீனும் நடைப்பயணமும்

மொரீஷியஸ் ஆராய்ச்சியில் உண்மையிலேயே அருமையான பகுதி இனிமேல்தான் வருகிறது. அந்த விஞ்ஞானிகள் அளந்து குறித்துவைத்ததோடு நிற்கவில்லை. 100 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து, மூன்று வயது முதல் ஐந்து வயது வரை இரண்டு சிறப்பு மழலையர் பள்ளிகளில் வளர்த்தார்கள். தினமும் பால், பழச்சாறு, காய்கறி, மீனோ கோழியோ ஆட்டிறைச்சியோ சேர்ந்த சூடான சாப்பாடு. திறந்தவெளியில் ஓட்டமும் ஆட்டமும். வெளியே அழைத்துச் சென்று செடிகொடிகளைக் காட்டுதல். பயிற்சி பெற்ற ஆசிரியைகள், ஒருவருக்கு ஐந்தாறு குழந்தைகள் மட்டும். மற்றக் குழந்தைகள் ஊரில் இருந்த வழக்கமான பள்ளிகளுக்குப் போனார்கள்.

இரண்டே ஆண்டுகள்தாம். அதன் பிறகு எல்லாக் குழந்தைகளும் ஒரே மாதிரியான தொடக்கப் பள்ளிகளுக்குச் சென்றுவிட்டார்கள். பதினோரு வயதில் மீண்டும் அளந்தபோது, சிறப்புப் பள்ளிக் குழந்தைகளின் விரல் ஈரம் கூடியிருந்தது. மூளை மின்னலைகளும் அதிக விழிப்பைக் காட்டின. 'பிறவிக் குணம்' என்று நாம் நினைக்கும் உடல் அளவீடே மாறியிருக்கிறது! பதினேழு வயதில் அவர்களிடம் நடத்தைக் கோளாறு குறைவாக இருந்தது. இருபத்துமூன்று வயதில், தாம் ஏதேனும் குற்றம் செய்ததாக ஒப்புக்கொண்டவர்கள் வழக்கமான பள்ளிகளில் படித்தவர்களில் நூற்றுக்கு 36 பேர். இவர்களிலோ 24 பேர். அதிலும், மூன்று வயதில் ஊட்டமின்றி மெலிந்திருந்த குழந்தைகளிடமே பலன் அதிகம். இந்த முடிவுகள் 2003-இல் வெளியாயின.

பலன் தந்தது மீனா, ஓட்டமா, அன்பான ஆசிரியையா? எல்லாம் சேர்ந்தே கொடுக்கப்பட்டதால் பிரித்துச் சொல்ல இந்தச் சோதனையால் இயலாது. நம் மாநிலத்தில் 1982-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் சத்துணவுத் திட்டம் தொடங்கியது. அதில் இரண்டு வயதுக் குழந்தைகளும் சேர்க்கப்பட்டிருந்தார்கள். ஆவடி, பட்டாபிராம், திருமுல்லைவாயில் அங்கன்வாடிகளில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் இதைப் படிக்கும் மாணவர்களிலும் இருப்பீர்கள். சோறும் முட்டையும் எலும்புக்கும் தசைக்கும் மட்டுமே என்று நினைப்பவர்களுக்கு அந்தத் தீவின் விரல் அளவீட்டைச் சொல்லலாம்.

நூற்றுக்கு 67 என்றால் என்ன?

'எல்லாம் பரம்பரை' என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு. அவர்கள் கையில் ஓர் எண் இருக்கிறது. இங்கிலாந்தில் எஸ்ஸி வைடிங் குழுவினர் ஏழு வயது இரட்டைக் குழந்தைகளை ஆராய்ந்து 2005-இல் வெளியிட்ட எண் அது. மிகையான ஈரமின்மையில் காணப்படும் வேறுபாட்டில் நூற்றுக்கு 67 பங்கு மரபணு வழிப்பட்டது என்றார்கள்.

இந்த எண்ணைப் பலர் தவறாகவே புரிந்துகொள்கிறார்கள். ஒரு பையனின் கல்நெஞ்சில் 67 பங்கைத் தாய் தந்தையரும் மீதி 33 பங்கைத் தெருவும் கொடுத்தன என்பதல்ல பொருள். ஒரு கூட்டத்தில் ஒருவருக்கொருவர் இடையே காணப்படும் வேறுபாட்டில் எவ்வளவு மரபணு வேறுபாட்டோடு சேர்ந்து வருகிறது என்பதே பொருள். உயரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மரபு வழிப் பங்கு இதைவிட அதிகம். இருந்தும் நல்ல உணவு கிடைத்த தலைமுறை தன் தாத்தாக்களைவிட உயரமாக வளரவில்லையா?

2016-இல் அமெரிக்காவில் தத்துக் குழந்தைகளைக் கொண்டு நடந்த ஆய்வு இதை நேராகவே காட்டியது. பெற்ற தாயிடம் சமூகவிரோத நடத்தை மிகுதியாக இருந்தால், பிறந்ததுமே வேறு வீட்டுக்குப் போய்விட்ட குழந்தையிடமும் இரண்டு வயதில் ஈரமின்மை சற்றுக் கூடுதலாகத் தென்பட்டது. அதாவது, மரபு வேலை செய்கிறது. ஆனால் வளர்ப்புத் தாய் குழந்தையை அடிக்கடி பாராட்டி, ஊக்கப்படுத்தி வளர்த்த வீடுகளில் அந்தத் தொடர்பு வலுவிழந்துவிட்டது.

இன்னொரு வகையினரையும் மறந்துவிடக் கூடாது. சில குழந்தைகள் பிறவியில் ஈரமற்றவர்கள் அல்லர். தினமும் அடி, குடித்துவிட்டு வரும் தகப்பன், கூச்சல், பட்டினி. தாங்க முடியாத அளவுக்கு அழுதபின் உள்ளம் மரத்துப்போகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இவர்களும் முதல் வகையினரும் ஒன்று போலவே தோன்றுவார்கள். உள்ளே அளந்தால் இவர்களிடம் பதற்றம் மிகுதி. ஏரிக்கரையில் ஊதுவத்தியுடன் நின்றவன் எந்த வகை? அவன் முகத்தை மட்டும் பார்த்த மூன்று நண்பர்களாலும் சொல்ல முடியாது. நம்மாலும் முடியாது.

பிரம்புக்கு மசியாதவர்கள்

'நாலு சாத்து சாத்தினால் சரியாகிவிடும்' என்பது நம் ஊர் வைத்தியம். வினோதம் என்னவென்றால், ஈரமின்மை மிகுந்த குழந்தைகளிடம்தான் இந்த வைத்தியம் மிகக் குறைவாகப் பலிக்கிறது. காரணம் இப்போது உங்களுக்கே தெரியும்: தண்டனையை எதிர்நோக்கி வியர்க்காத விரலுக்குப் பிரம்பு எந்தப் பாடத்தைக் கற்பிக்கும்? ஆஸ்திரேலியாவில் 2005-இல் நடத்தை முரண்பட்ட நான்கு முதல் எட்டு வயதுப் பையன்களின் பெற்றோருக்குப் பயிற்சி அளித்தார்கள். தனியே உட்காரவைக்கும் தண்டனை மற்றப் பையன்களைத் திருத்தியது. ஈரமின்மை மிகுந்தவர்களை அவ்வளவாக அசைக்கவில்லை. ஆனால் நல்ல செயலுக்கு உடனடிப் பாராட்டும் பரிசும் என்ற முதல் பகுதி இரு சாராரிடமும் வேலை செய்தது.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மென்டோட்டா என்ற இடத்தில் 1995-இல் ஒரு சிகிச்சை இல்லம் திறக்கப்பட்டது. மற்றச் சீர்திருத்த இல்லங்களில் அடக்க முடியாத, வன்முறை மிகுந்த இளைஞர்களே அங்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே நிர்வாகம் காவலர்கள் கையில் இல்லை, உளவியலறிஞர்கள் கையில். ஒருவனுடைய இன்றைய நடத்தைக்கு இன்றே மதிப்பெண். அதைப் பொறுத்து நாளைய சலுகை. நேற்று செய்த ரகளை நாளை மறுநாளைப் பாதிக்காது. எவனும் எந்நாளும் புதிதாகத் தொடங்கலாம். பின்னர் வெளியே போனவர்களைக் கண்காணித்தபோது, இச்சிகிச்சை பெறாத இளைஞர்கள் வன்முறைக் குற்றம் செய்வது சிகிச்சை பெற்றவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்காக இருந்தது. 'திருத்தவே முடியாது' என்று எழுதி மூடிவைத்த கோப்புகள் அவை.

நம் சட்டமும் ஒருவகையில் இதே பக்கத்தில் நிற்கிறது. இந்தியாவிலேயே முதன்முதலாகச் சிறாருக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம்தான், ஆண்டு 1920. இப்போது நாடெங்கும் நடைமுறையில் இருப்பது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். பதினாறு முதல் பதினெட்டு வயதுக்குட்பட்டவர் மிகக் கொடிய குற்றம் செய்ததாகக் கூறப்பட்டால், அவரைப் பெரியவராக விசாரிக்கலாமா என்று இளைஞர் நீதிக் குழுமம் முதற்கட்ட மதிப்பீடு செய்ய அச்சட்டம் இடம் தருகிறது. இதில் உளவியல் நிபுணரின் உதவி எவ்வளவு இன்றியமையாதது என்பதை 2022-இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. அதே சட்டத்தின் அடிப்படை நெறிகளில் இன்னொன்றும் உண்டு: குழந்தையைப் பற்றிய நடவடிக்கைகளில் குற்றஞ்சாட்டும் சொற்களையும் இழிவுபடுத்தும் சொற்களையும் பயன்படுத்தக் கூடாது. கூர்நோக்கு இல்லத்தில் இருக்கும் சிறுவனுக்கே அந்த உரிமை உண்டு என்றால், வகுப்பறையில் இருப்பவனுக்கு இல்லாமலா போகும்?

இப்படியெல்லாம் சொல்வதால், விலங்கைத் துன்புறுத்துபவனையும் சிறியவர்களை வதைப்பவனையும் கண்டும் காணாமல் இருக்கச் சொல்வதாக எண்ண வேண்டாம். அதைக் காண நேர்ந்தால் நம்பிக்கையான ஆசிரியர் ஒருவரிடமோ வீட்டில் பெரியவரிடமோ சொல்லுங்கள். நீங்களே வதைபடுபவராக இருந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம். மனநலம் பற்றிய ஆலோசனைக்கு 14416 இருக்கிறது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் குழந்தைகளுக்கும் ஆலோசனை கிடைக்கும். அங்கே போவது வெட்கப்பட வேண்டிய காரியமும் அல்ல.

மொரீஷியஸ் தீவின் அந்த மூன்று வயதுக் குழந்தைகள் இன்று ஐம்பதைக் கடந்துவிட்டார்கள். ஆராய்ச்சி அவர்களோடு நின்றுவிடவில்லை. 2015-இல் அதே தீவில், எட்டு முதல் பதினாறு வயது வரையிலான 200 சிறுவர் சிறுமியரை இரு பாதிகளாகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு மீனில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு கலந்த பழச்சாறும், மறுபாதியினருக்கு அது கலவாத அதே பழச்சாறும் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்த முடிவு வெளியாயிற்று. எது எந்தப் பழச்சாறு என்பது குடித்தவர்களுக்கும் தெரியாது. சாறு நின்று ஆறு மாதம் ஆன பிறகு, ஒமேகா-3 குடித்தவர்களிடம் முரட்டுத்தனமும் அடாவடியும் தெளிவாகக் குறைந்திருந்தன. அமெரிக்காவில் பின்னர் இதைச் செய்து பார்த்தபோது, முதல் சில மாதங்களில் தெரிந்த பலன் நீடித்து நிற்கவில்லை. எனவே அந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை.